ஓபியின் மாதக் கடைசி: சினுவா அச்செபேயின் 'நோ லாங்கர் அட் ஈஸ்' நாவலை முன்வைத்து

சினுவா அச்செபே என்றால் நம்மில் பெரும்பாலானோருக்கு ஒரே நாவல்தான். 1958-இல் வெளிவந்த 'திங்ஸ் ஃபால் அபார்ட்', தமிழில் 'சிதைவுகள்'. அதைப் படித்துவிட்டு, ஒகோன்க்வோ தூக்கில் தொங்கியதற்காக இரண்டு நாள் மனசு கனத்துக் கிடந்து, அத்தோடு ஆப்பிரிக்காவை முடித்துக்கொண்டு லத்தீன் அமெரிக்கப் பக்கம் கிளம்பிவிடுகிறோம். 1960-இல் வந்த அவருடைய இரண்டாவது நாவலைப் பற்றிப் பேச்செடுத்தால், "அது கொஞ்சம் சுமார்னு சொல்றாங்களே" என்பார்கள். சொல்கிறவர் அநேகமாகப் படித்திருக்க மாட்டார்.

எனக்கு அச்செபேயிடம் மிக நெருக்கமான நாவல் அந்தச் 'சுமார்' நாவல்தான். அதில் மல்யுத்தம் இல்லை, முகமூடி ஆவிகள் இல்லை, ஊர் நடுவே முரசு அதிர்வதில்லை. கார் இன்ஷூரன்ஸ் இருக்கிறது. மின்கட்டணம் இருக்கிறது. தம்பிக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டவேண்டிய தேதி இருக்கிறது. ஒரு காலனி நாடு சுதந்திரத்தின் வாசலில் நிற்கும்போது அங்கே இருபத்தைந்து, இருபத்தாறு வயதில் இருக்கும் படித்த இளைஞன் உண்மையில் எதைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பான்? கொடியைப் பற்றியா, தேசிய கீதத்தைப் பற்றியா? மாதக் கடைசியைப் பற்றித்தான் என்கிறார் அச்செபே. எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தை இவ்வளவு நேரடியாக வேறு எந்தச் சுதந்திரகால நாவலும் சொன்னதில்லை.

நாவல் முடிவிலிருந்து தொடங்குகிறது. லாகோஸ் நீதிமன்றம். கல்வி உதவித்தொகை வாரியத்தின் செயலாளராக இருந்த ஓபி ஒகோன்க்வோ 20 பவுண்டு லஞ்சம் வாங்கிப் பிடிபட்டு நிற்கிறான். இவ்வளவு படித்த, இவ்வளவு எதிர்காலம் உள்ள பையன் ஏன் இப்படிச் செய்தான் என்று நீதிபதிக்கு விளங்கவில்லை. அவனுடைய வெள்ளைக்கார மேலதிகாரி கிரீனுக்கு விளங்காதது எதுவுமில்லை. ஆப்பிரிக்கன் என்றால் ஊழல்தான் என்று கிளப்பில் உட்கார்ந்து தீர்ப்பே எழுதிவிடுகிறார். ஊர்க்காரர்களுக்கோ வேறு வருத்தம். வாங்கினதுதான் வாங்கினான், போயும் போயும் 20 பவுண்டுக்கா? அதையும் வாங்கத் தெரியாமல் வாங்கி மாட்டிக்கொள்வானா? ஆக, அவன் பிடிபட்டுவிட்டான் என்பது முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடுகிறது. மிச்ச நாவல் முழுக்க 'எப்படி?' என்கிற ஒற்றைக் கேள்விதான். ஒரு சிஸ்டம் விழுந்தபிறகு லாக்கைத் திறந்து முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டு வருவோமே, அப்படி.

அந்தக் காலத்தைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. இபாதானில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது 1948-இல். வெள்ளைக்காரர்கள் வகித்த பதவிகளைப் படிப்படியாக நைஜீரியர்களுக்குக் கொடுப்பது என்ற கொள்கை உருக்கொண்டதும் அதே காலத்தில்தான். 1957-இல் கிழக்கு, மேற்கு மாகாணங்களுக்குத் தன்னாட்சி. 1960 அக்டோபர் 1 அன்று முழுச் சுதந்திரம். இடைப்பட்ட அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் பட்டம் வாங்கி வெளியே வந்த ஒரு சிறு தலைமுறைக்கு வரலாற்றில் யாருக்கும் எளிதில் வாய்க்காத ஒன்று வாய்த்தது. நாற்காலிகள் காலியாகிக்கொண்டிருந்தன. உட்கார ஆள் இல்லை. பேச்சுவழக்கில் அந்த வேலைக்குப் பெயரே 'ஐரோப்பியப் பதவி'. கூடவே லாகோஸின் இகோயி பகுதியில் வீடு, கார் வாங்க அரசு முன்பணம். இகோயி அதற்கு முன்பு வெள்ளைக்காரர்கள் மட்டும் வசித்த இடம்.

அச்செபேயும் அந்தத் தலைமுறைதான். 1930-இல் பிறந்தவர். மருத்துவம் படிக்க உதவித்தொகையோடு இபாதானுக்குப் போய், அதை விட்டுவிட்டு இலக்கியத்துக்கு மாறியதால் உதவித்தொகையை இழந்தவர். பிறகு லாகோஸில் வானொலியில் நல்ல வேலை. ஓபியையும் ஊர்க்காரர்கள் சட்டம் படிக்கத்தான் இங்கிலாந்துக்கு அனுப்புகிறார்கள். அவன் போய் ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு வருகிறான். இந்த இடத்தில் அச்செபே தனக்குள் சிரித்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

அனுப்பியது யார் என்பது முக்கியம். உமுவோஃபியா முன்னேற்றச் சங்கம். லாகோஸ் மாதிரி நகரங்களில் பிழைக்கப் போன இக்போ மக்கள் தங்கள் சொந்த ஊர்ப் பெயரில் இப்படிச் சங்கம் வைத்துக்கொள்வது நிஜத்தில் இருந்த வழக்கம். குமாஸ்தாக்களும் சில்லறை வேலைக்காரர்களுமாக, ஆண்டுக்கு 100 பவுண்டுகூடச் சம்பாதிக்காதவர்களும் சேர்ந்து, தங்கள்மீது தாங்களே வரி போட்டுக்கொண்டு 800 பவுண்டு திரட்டுகிறார்கள். ஊர்ப் பையன் வக்கீலாக வந்தால் நில வழக்குகளைப் பார்த்துக்கொள்வான். பணம் இனாம் அல்ல, கடன். திரும்பி வந்து நான்கு வருடத்தில் அடைக்கவேண்டும், அந்தப் பணத்தில் அடுத்த பையன் போவான். நல்ல ஏற்பாடு. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் குறை சொல்ல முடியாத ஏற்பாடு. நாவலின் துயரமே அதுதான். வில்லன் என்று கைகாட்ட அங்கே யாரும் இல்லை.

ஓபி இங்கிலாந்திலிருந்து பட்டத்தோடு ஒரு கோட்பாட்டையும் கொண்டுவருகிறான். நைஜீரியாவில் ஊழல் ஏன்? மேலிடங்களில் இருக்கும் ஆப்பிரிக்கர்கள் அறிவால் அல்லாமல் அனுபவத்தால் மேலே வந்த கிழவர்கள். ஒவ்வொரு படியிலும் லஞ்சம் கொடுத்து ஏறியவர்கள், இப்போது வாங்குகிறார்கள். அவர்களை எடுத்துவிட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து நேராக வரும் இளைஞர்களை உட்காரவைத்தால் எல்லாம் சரியாகிவிடும். இதை அவன் கட்டுரையாகவே எழுதி வாசித்திருக்கிறான். "நாங்க வந்தா மாறும்" என்கிற அந்தக் குரலை நாம் எத்தனை இடத்தில் கேட்டிருக்கிறோம்! அச்செபே அதைக் கேலி செய்வதில்லை. கப்பல் லாகோஸில் நின்றதும் சுங்க அதிகாரியை அனுப்பிவைக்கிறார், அவ்வளவுதான். ஓபி கொண்டுவந்த ரேடியோகிராமுக்கு 5 பவுண்டு தீர்வை. ரசீது வேண்டாமென்றால் 2 பவுண்டு போதும் என்கிறான் அந்த அதிகாரி. அவனும் கிழவன் அல்ல, இளைஞன். கோட்பாட்டில் முதல் ஓட்டை துறைமுகத்திலேயே விழுந்துவிடுகிறது. ஓபி கோபப்படுகிறான்; தன் வயசுக்காரன் ஒருவன் தன்னிடம் கைநீட்டியதை மட்டும் கவனிக்காமல் விட்டுவிடுகிறான்.

இன்னொரு இடம். ஊருக்குப் போகும் லாரியைப் போலீஸ்காரர்கள் நிறுத்துகிறார்கள். உதவியாளன் வழக்கமான 2 ஷில்லிங்கை நீட்டுகிறான். ஓபி அதைப் பார்த்துக்கொண்டிருப்பது போலீஸ்காரனுக்குத் தெரிந்துவிடுகிறது. உடனே அவனுக்கு நேர்மை வந்துவிடுகிறது, காகிதங்களைக் கேட்கிறான். கொஞ்ச தூரம் போய் லாரியை நிறுத்திவிட்டு உதவியாளன் திரும்ப ஓடுகிறான். 10 ஷில்லிங் கொடுத்துவிட்டு வருகிறான். படித்தவன் உற்றுப் பார்த்ததன் விலை 8 ஷில்லிங். லாரிக்காரர்கள் ஓபியைத் திட்டுவதில் என்ன தப்பு?

இனிமேல்தான் கணக்கு. ஓபியின் சம்பளம் ஆண்டுக்கு 570 பவுண்டு. மாதத்துக்கு 47 பவுண்டு 10 ஷில்லிங். ஊரில் அவனை அனுப்பிவைத்த குமாஸ்தாவுக்கு அது கனவிலும் வராத தொகை. இதில் சங்கத்துக்கு 20 பவுண்டு. பெற்றோருக்கு 10. கையில் 17 பவுண்டு 10 ஷில்லிங். அதாவது சம்பளத்தில் அறுபது சதவீதத்துக்கு மேல் அவன் கண்ணில் படாமலே போய்விடுகிறது. மிச்சத்தில் பெட்ரோல், சாப்பாடு, வேலைக்காரப் பையனின் சம்பளம், மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காருக்கான தவணை. ஒவ்வொரு பருவத்துக்கும் தம்பி ஜானின் பள்ளிக் கட்டணம் 16 பவுண்டுக்கு மேல். திடீரென்று ஒருநாள் கார் இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வருகிறது, 40 பவுண்டுக்கு மேல். இன்ஷூரன்ஸ் என்பது வருடாவருடம் வரும் என்பதையே அவன் யோசித்திருக்கவில்லை. பிறகு மின்கட்டணம். ஓபி உட்கார்ந்து சிக்கனத் திட்டம் போடுகிறான். வெந்நீர்க் கலன் வேண்டாம். ராத்திரியில் ஃப்ரிட்ஜை அணைத்துவிடு என்று வேலைக்காரப் பையனிடம் சொல்கிறான்.

இந்த ஃப்ரிட்ஜ் இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். முதல் தலைமுறையாகச் சம்பளம் வாங்குகிற யாருக்கும் இது புரியும். சம்பளத் தொகையை ஊரே அறியும். பிடித்தம் போக மிச்சம் எவ்வளவு என்பது நமக்கு மட்டும்தான் தெரியும். கார் இல்லாமல் இருந்துவிடலாமே என்று கேட்கலாம். இருக்க முடியாது. அந்தப் பதவியில் இருப்பவன் பேருந்தில் போனால் அது அவனுடைய அவமானம் மட்டுமல்ல, 800 பவுண்டு போட்ட ஊருக்கே அவமானம். வரவேற்புக் கூட்டத்துக்கு அவன் கோட்டு போடாமல் வெறும் சட்டையோடு வந்து எளிய ஆங்கிலத்தில் பேசியதற்கே சங்கத்தார் முகம் வாடிப்போனவர்கள். அவர்களுக்கு வாய்க்குள் நுழையாத வார்த்தைகள் வேண்டும். போட்ட காசு காதில் விழவேண்டும்.

விமர்சகர்கள் இந்த நாவலைப் பற்றி எழுதும்போது 'இரு பண்பாடுகளுக்கு இடையே சிக்கிய மனிதன்' என்று ஒரு வாக்கியத்தை வைத்துவிட்டுத் தாண்டிப் போவதைப் பார்க்கிறேன். எனக்கு அதில் திருப்தி இல்லை. பண்பாட்டுச் சிக்கல் என்று சொன்னால் ஏதோ ஆன்ம விசாரம் மாதிரி ஒலிக்கிறது. ஓபி சிக்கியிருப்பது பண்பாடுகளுக்கு இடையே அல்ல, இரண்டு பில்களுக்கு இடையே. வெள்ளைக்காரன் தன் சம்பளத்தைத் தன் குடும்பத்துக்கு மட்டும் செலவழிப்பதற்காக உருவாக்கிய பதவி அது. அதே பதவியில், அதன் ஆடம்பரம் எதையும் குறைக்காமல், ஒரு ஊரையும் சேர்த்துச் சுமக்கும் ஆளை உட்காரவைத்தால் என்ன ஆகும் என்பதுதான் நாவலின் சோதனை. பண்பாடு வருவது அதற்கப்புறம், கிளாராவோடு.

கிளாரா செவிலி, இங்கிலாந்தில் பயிற்சி பெற்றவள். திரும்பி வரும் கப்பலில் இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டு, லாகோஸில் காதலாகிறது. அவள் ஒருநாள் சொல்கிறாள், தான் ஓசு என்று. முன்னொரு காலத்தில் யாரோ ஒரு மூதாதை தெய்வத்துக்கு அர்ப்பணிக்கப்பட்டார். அன்றிலிருந்து அவர் வம்சத்தோடு யாரும் மண உறவு கொள்வதில்லை. இதை நமக்கு யாரும் அடிக்குறிப்புப் போட்டு விளக்கவேண்டியதில்லை. கிழக்கு மாகாணத்தில் 1956-இல் ஓசு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டுவிட்டது. அதற்கப்புறம் என்ன நடந்திருக்கும் என்பதும் நமக்குத் தெரிந்ததுதான்.

ஓபியின் அப்பா ஐசக் கிறிஸ்தவ உபதேசியார். 'சிதைவுகள்' படித்தவர்களுக்கு நினைவிருக்கும், ஒகோன்க்வோவின் மகன் ந்வோயே, தகப்பனை விட்டு மிஷனுக்கு ஓடிப்போன பையன். அவன்தான் இந்த ஐசக். பழைய மதத்தின் கொடுமைகளைத் தாங்காமல் அதை உதறியவர். அவரிடம் ஓபி சுவிசேஷத்தின் மொழியிலேயே வாதாடுகிறான்: இருளில் இருந்த முன்னோர்கள் ஓர் அப்பாவியை ஓசு என்றார்கள், ஒளியைக் கண்ட நாமும் அப்படிச் சொல்லலாமா? ஐசக் தன் உறவினர்களிடம் வாழ்நாளெல்லாம் பேசிவந்த மொழி அது. அவர் அமைதியாக ஓசுவைத் தொழுநோயோடு ஒப்பிட்டு, பைபிளில் வரும் நாகமானை உதாரணம் காட்டுகிறார். பெரிய தளபதிதான், ஆனாலும் குஷ்டரோகி. எத்தனை பேர் மதம் மாறினாலும் எது மாறுவதில்லை என்பதைச் சொல்ல அச்செபேக்கு இரண்டு பக்கம் போதுமாக இருக்கிறது. அம்மா வாதமே செய்வதில்லை. நான் செத்தபிறகு கட்டிக்கொள், அதற்குமுன் கட்டினால் என் உயிரை நானே எடுத்துக்கொள்வேன் என்கிறாள். இந்த ஒரு வாக்கியத்துக்கு எதிராக லண்டன் பட்டத்தில் பதில் எதுவும் இல்லை.

சாதியையும் கடனையும் அச்செபே கட்டுகிற முடிச்சு ஒரு சங்கக் கூட்டத்தில் விழுகிறது. என் பார்வையில் நாவலின் அச்சே அந்தக் காட்சிதான். ஓபி எழுந்து நின்று, கடனைத் திருப்பத் தொடங்குவதற்கு நான்கு மாதம் அவகாசம் கேட்கிறான். சங்கத்தார் சம்மதிக்கிறார்கள். பெரிய மனசோடுதான். எல்லாம் முடிகிற நேரத்தில் தலைவர், வாஞ்சையோடு, சந்தேகத்துக்குரிய பின்னணியுள்ள ஒரு பெண்ணோடு நீ பழகுவதாகக் கேள்விப்பட்டேனே என்று இழுக்கிறார். ஓபி வெடிக்கிறான். உங்கள் அவகாசம் வேண்டாம், இப்போதே கட்டத் தொடங்குகிறேன் என்று கத்திவிட்டு வெளியே போகிறான். அவனுக்குக் கிடைத்த ஒரே மூச்சுவிடும் இடைவெளி அது. சாதிக்கு எதிரான நியாயமான கோபத்தில் அதைத் தூக்கி எறிகிறான். அந்த நான்கு மாதம் இருந்திருந்தால் இன்ஷூரன்ஸைச் சமாளித்திருக்கலாம். வங்கியில் ஓவர்டிராஃப்ட் போட்டிருக்க வேண்டியதில்லை. கிளாரா தன் சேமிப்பிலிருந்து 50 பவுண்டு கொடுத்திருக்கமாட்டாள், அது காரிலிருந்து திருடுபோயும் இருக்காது. அவன் செய்ததிலேயே மிக நேர்மையான காரியம்தான் லஞ்சத்தை நோக்கிய முதல் படி. இதை எந்த நீதிபதிக்கு எப்படி விளக்குவது?

நண்பன் கிறிஸ்டோபரையும் சொல்லவேண்டும். லண்டனில் பொருளாதாரம் படித்தவன், ஜாலியான ஆள். உதவித்தொகை கேட்டு வரும் பெண், பணத்துக்குப் பதில் தன்னையே தர முன்வந்தால் அது லஞ்சமா என்று இருவரும் வாதிடுகிறார்கள். அது லஞ்சமே இல்லை என்கிறான் கிறிஸ்டோபர், அவள் விரும்பித்தானே வருகிறாள் என்று. மேல்தட்டு மேசையில் பீரோடு நடக்கும் இந்த உரையாடலைப் படிக்கும்போது எனக்கு அருவருப்பு வந்தது. வரவேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறார். ஒழுக்கம் ஒரே அடியில் உடைந்துவிடுவதில்லை. இப்படி விளக்கம் சொல்லிச் சொல்லித்தான் தேய்கிறது.

மேலதிகாரி கிரீன் விஷயத்தில் அச்செபே எளிதான வழியைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதும் பாராட்டத் தக்கது. கிரீன் இனவாதி, சந்தேகமில்லை. ஆனால் வேலையில் கெட்டி. அலுவலக நேரம் தாண்டியும் உழைக்கிறார். தன் வீட்டுப் பணியாளனின் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுகிறார். தான் நம்பாத ஒரு நாட்டுக்காக இவ்வளவு உழைக்கிறாரே என்று ஓபி குழம்புகிறான். சுதந்திரம் நெருங்கும் வேளையில் வந்த நாவலில் வெள்ளைக்காரனுக்கு இந்த நியாயத்தைச் செய்ய ஒரு தைரியம் வேண்டும்.

அம்மா இறக்கிறாள். ஓபி பணம் அனுப்புகிறான், ஊருக்குப் போகவில்லை. சில நாட்களுக்குப்பின் அவனுக்குள் விசித்திரமான ஓர் அமைதி வருகிறது. உதவித்தொகை விண்ணப்பக் காலமும் வருகிறது. ஒருவர் 50 பவுண்டை வைத்துவிட்டுப் போகிறார். பிறகு மற்றவர்கள். கடன்கள் அடைகின்றன. இங்கே அச்செபே ஒரு தகவலைப் போகிறபோக்கில் வைக்கிறார்: குறைந்தபட்சத் தகுதி இல்லாதவர்களை மட்டும் ஓபி கடைசிவரை பரிந்துரைப்பதே இல்லை. அதில் மட்டும் அசையவே மாட்டான்.

எவ்வளவு துல்லியம்! தொழில் தெரிந்தவனின் கடைசிக் கோவணம் அது. "காசு வாங்கறேன், ஆனா வேலைல தப்பு பண்ணமாட்டேன்." கிழவர்களை எடுத்துவிட்டு எங்களை உட்காரவையுங்கள் என்று லண்டனில் கட்டுரை வாசித்த பையனிடம் அந்தக் கோட்பாட்டில் கடைசியில் மிஞ்சியது அந்த ஒரு விதிதான். அதையும் பார்த்துச் சகிக்காமல், இதோடு போதும் என்று அவன் முடிவெடுக்கிற கணத்தில்தான் கதவு தட்டப்படுகிறது. மேசைமேல் அடையாளமிட்ட 20 பவுண்டு.

வேலைக்கான நேர்முகத்தில் ஓபியிடம் கிரஹாம் கிரீனின் 'தி ஹார்ட் ஆஃப் தி மேட்டர்' நாவலைப் பற்றிக் கேட்கிறார்கள். அதன் நாயகன் தற்கொலை செய்துகொள்வதால் அது உண்மையான துயரநாடகம் ஆகாது என்கிற அர்த்தத்தில் பேசுகிறான். செத்துவிட்டால் தீர்ந்துபோகும், நிஜத் துயரம் தீராமல் இழுத்துக்கொண்டே போகும் என்பது அவன் கட்சி. அவனுடைய தாத்தா தூக்கில் தொங்கித் தீர்த்துக்கொண்டவர். பேரனுக்கு அந்த வசதி கிடையாது. இரண்டாவது நாவல் முதல் நாவலைவிடச் 'சுமார்' என்று தோன்றுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். நமக்குப் பிணம் வேண்டும், விழும் சத்தம் வேண்டும். ஓபி சத்தமில்லாமல் அரைபடுகிறான்.

குறை இல்லாத நாவல் என்று சொல்லவரவில்லை. பின்பாதியில் சம்பவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகிற வேகத்தில் ஓபியின் உள்ளம் நமக்குத் தட்டுப்படாமல் போகிறது. அவன் ஏன் அம்மாவின் சாவுக்குப் போகவில்லை என்பதை இன்னும் நின்று சொல்லியிருக்கலாம். மூன்று தலைமுறைகளையும் ஒரே நாவலில் எழுதத்தான் அச்செபே முதலில் திட்டமிட்டார். பிறகு பிரித்து, தாத்தாவுக்கு ஒன்று, பேரனுக்கு ஒன்று என்றாக்கினார். நடுவில் இருந்த ஐசக்கின் கதை எழுதப்படவே இல்லை. மகனிடம் தன் தகப்பனின் சாபத்தைப் பற்றி ஒரு ராத்திரி அவர் பேசும் அந்தச் சில பக்கங்களைப் படிக்கும்போது, நாம் இழந்தது எவ்வளவு பெரிய நாவல் என்று ஏக்கமாகவே இருக்கிறது.

எனக்கு அதைவிடப் பெரிய மனக்குறை கிளாரா. ஓபியைப் போலவே அவளும் கடல் கடந்து படித்துவிட்டு, அதே கப்பலில், அதே நாட்டுக்குத் திரும்பியவள். அவளுக்கும் அந்தப் புது நாட்டில் ஓர் இடம் இருக்கும் என்ற எண்ணம் இல்லாமலா வந்திருப்பாள்? சட்டம் வேறு அவள் பக்கம் இருக்கிறது. அவளிடமும் சம்பளம் இருக்கிறது, சேமிப்பு இருக்கிறது, 50 பவுண்டை எடுத்து நீட்டும் துணிச்சல் இருக்கிறது. ஓபியின் ஒவ்வொரு ஷில்லிங்கும் எங்கே போனது என்று சொல்லும் நாவல், அவளை இங்கிலாந்துக்கு அனுப்ப யார் செலவழித்தார்கள், அவள் மாதாமாதம் யாருக்குப் பணம் அனுப்பினாள் என்று சொல்வதில்லை. 30 பவுண்டு வாங்கிக்கொண்டு ஒரு டாக்டர் செய்யும் கருக்கலைப்புக்குப் பிறகு அவள் மருத்துவமனையில் படுத்திருக்கிறாள். ஓபி பார்க்கப் போகிறான். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறாள். அங்கேயே அச்செபேயும் அவளைவிட்டுத் திரும்பிவிடுகிறார். அதற்குப் பிறகு கிளாரா நாவலுக்குள் வருவதேயில்லை.